ஆயிரம் லிட்டர் சாட்சி

அத்தியாயம் 4

பன்னீர்செல்வத்தின் கையில் சாவி இருந்தது. கதவு இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. வெள்ளிக்கிழமை பத்திரம் பதிந்து, சனிக்கிழமை மாலை சாவி வாங்கிய வீடு. போர்ட் பிளேரின் ஹேடோ மேட்டுத் தெருவில் கப்பல்துறையைப் பார்த்தபடி நிற்கிறது. பால் காய்ச்ச இருபத்து மூன்று உறவினர்களோடு வந்து இறங்கியவன், வாசலிலேயே நின்றுவிட்டான். நிலை இருந்தது. அதில் கட்ட மாவிலைத் தோரணமும் தயாராக இருந்தது. அந்தமான் படாக் மரத்தில் இழைத்த கனத்த கதவு மட்டும் தாழ்ப்பாளோடு, கீலோடு, பூட்டோடு போயிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருநாய் ஒன்று உள்ளே போய் கிரகப்பிரவேசத்தை முடித்துவிட்டு வெளியே வந்தது.

உறவினர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் பன்னீர்செல்வத்தைக் கொன்றது. அபர்டீன் பஜாரில் ஊருக்கெல்லாம் தாழ்ப்பாளும் கீலும் விற்கிற ஹார்டுவேர் கடைக்காரன் அவன். ஒன்பது மணிக்கு அதே பஜாரில், குடைக் கடைக்கு மேலே இருக்கும் ராஜகுமாரி துப்பறியும் நிறுவனத்தின் மரப்படிகளை அதிர வைத்துக்கொண்டு ஏறி வந்தான்.

இந்தப் பக்கத்தில்தான் வண்டி ஏறுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ராஜகுமாரிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, ஒருவர் டிக்கெட் கேட்கிற தொனியிலேயே அவர் ஊருக்குப் போகிறாரா, ஊரை விட்டு ஓடுகிறாரா என்று சொல்லப் பழகியவள். வேலையை விட்டதும் அந்தப் பழக்கத்தையே தொழிலாக்கிக்கொண்டாள். உதவியாளன் ஈஸ்வரன், நாற்பதைத் தாண்டிய ஆட்டோக்காரன். நிறுவனத்தின் ஒரே வாகனம் அவனுடைய ஆட்டோ. அதன் ஒரே ஹாரன் அவனுடைய வாய்.

வீட்டை விற்ற ஜெகநாதன், ஓய்வுபெற்ற அரசாங்க ஸ்டோர் கீப்பர். மனைவி நீலாவதியோடு சனிக்கிழமையே லாட்ஜுக்கு மாறிவிட்டான். இன்று மாலை ஐந்து மணிக் கப்பலில் இருவரும் சென்னைக்குப் போகிறார்கள். திருட்டுப் புகாரை எழுதிப் பையில் வைத்திருப்பதாக பன்னீர்செல்வம் சொன்னான். சாமான் இருக்கிற இடம் தெரிந்தால் போதும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

"அவன் கப்பல் ஏறக் கூடாது மேடம். ஏணியில கால் வெக்கணும். ஜனமெல்லாம் பாக்கணும். அப்ப இறக்கணும். என் சொந்தக்காரன் சிரிச்ச மாதிரி நான் சிரிக்கணும்."

ராஜகுமாரி பத்திர நகலை வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது எல்லாம் இருந்ததா என்று கேட்டாள். இருந்ததாம். ஜெகநாதனே குழாயைத் திறந்து காட்டினானாம். சனிக்கிழமை காலையில்தான் தண்ணீர் வந்திருந்தது, மொட்டை மாடி டேங்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது, மூடியைப் போட்டதே தான்தான் என்றான் பன்னீர்செல்வம்.

"இப்ப?"

"டேங்கையே காணோம்."

*

வீட்டைச் சுற்றிவர இருபது நிமிடம் ஆனது. ஈஸ்வரன் முதல் ஐந்து நிமிடத்திலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டான்.

"திருடனுக்குக் கரண்ட் பில்னா பயம் மேடம். ரெண்டு ஏசி அப்படியே இருக்கு. இன்வர்ட்டர் இருக்கு. கட்டில் இருக்கு. ஆனா பாத்ரூம் கதவைக் கழட்டிட்டுப் போயிருக்கான். மானஸ்தன்."

ராஜகுமாரி எழுதிக்கொண்டே போனாள். ஆறு கதவுகளில் வாசல் கதவும் குளியலறைக் கதவும் இல்லை. ஏழு ஜன்னல்களில் இரண்டின் கதவுகள் இல்லை. ஐந்து மின்விசிறிகளில் ஒன்று இல்லை. சமையலறைத் தொட்டி, ஒரு குழாய், ஒரு சுவிட்ச் போர்டு இல்லை. விசிறி தொங்கிய இடத்தில் வயர் நுனிகள் ஒவ்வொன்றிலும் கறுப்பு டேப் கச்சிதமாகச் சுற்றியிருந்தது. பன்னீர்செல்வத்துக்கு ஐந்து வயதில் ஒரு மகள் உண்டு. ஜன்னலிலிருந்து கழற்றிய திருகாணிகளில் தேவைப்படாதவை ஒரு தீப்பெட்டியில் போட்டு ஜன்னல் மாடத்தில் வைக்கப்பட்டிருந்தன.

"குழந்தைக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு டேப் சுத்துற திருடனை நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றான் ஈஸ்வரன். "புடிச்சா ஜெயில்ல போடறதா, ஸ்கூல்ல போடறதா?"

மொட்டை மாடிக்குப் போனார்கள். டேங்க் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சுத்தமான தடம். சுற்றிலும் மூன்று மாதத் தூசு. மாடித் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் சிலந்தி ஒன்று வலை பின்னி, நடுவில் உட்கார்ந்திருந்தது. வலையில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. ராஜகுமாரி கீழே வந்து பின்பக்கச் சாக்கடையைப் பார்த்தாள். பலாச் சருகுகள் காய்ந்து, போட்டது போட்டபடி கிடந்தன.

"ஈஸ்வரா, ஆயிரம் லிட்டர் டேங்க். முழுசா தண்ணி. அதோட தூக்க முடியுமா?"

"யானை வேணும். யானையும் யோசிக்கும்."

"அப்ப கவுத்துதான் தூக்கியிருக்கணும். கவுத்தா இந்தச் சருகெல்லாம் கடலுக்குப் போயிருக்கும். சிலந்திக்கு வீடு இருந்திருக்காது. தண்ணி எங்க போச்சு?"

மார்ச் மாதத்து போர்ட் பிளேரில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை. வருகிற நாளில் கல்யாணத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிற ஊர் இது. இந்த ஊரில் எவனும் கதவைத்தான் தேடுவான். தண்ணீரைத் தேட வேண்டும் என்று ராஜகுமாரிக்குத்தான் தோன்றும்.

"கதவை விடு. தண்ணி பின்னாடி போவோம்."

அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கினால் வரிசையாக நான்கு வீடுகள். மூன்று வீட்டு வாசலில் டிரம்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. நாளைதான் தண்ணீர் வரும். முதல் வீட்டுக் கொடியில் மட்டும் இரண்டு கம்பளியும் ஆறு திரைச்சீலையும் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாளில் கம்பளி துவைக்கிறவள் ஒன்று கோடீஸ்வரியாக இருக்க வேண்டும், அல்லது ஓசியில் தண்ணீர் கிடைத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரி சொர்ணம்மா கோடீஸ்வரி இல்லை. கப்பல்துறை வார்ஃபில் டீக்கடை வைத்திருப்பவள்.

முதலில் மழைத் தண்ணீர் என்றாள். மழை பெய்து மூன்று மாதம் ஆனதை ஈஸ்வரன் நினைவூட்டினான். பிறகு டேங்கர் வந்தது என்றாள். அந்த மேட்டில் தன் ஆட்டோவே மூச்சு வாங்குவதை அவன் பணிவோடு எடுத்துச் சொன்னான். சொர்ணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்துக் காலைல மாடியிலேர்ந்து ஹோஸ் இறங்குச்சு. நாலு வீட்டுக்கும் ஆளுக்கு ரெண்டு டிரம். அவங்க மூணு வீட்டுலயும் செலவழிச்சிட்டாங்க. யாரு குடுத்தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. தண்ணி குடுத்தவங்களைக் காட்டிக் குடுக்க என்னால ஆகாது."

"கேக்கலை. சாமான் ஏத்தின வண்டி?"

அதைக் காட்டிக்கொடுப்பதில் அவளுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குக் காய்கறி கொண்டு வந்துவிட்டுக் காலியாகத் திரும்புகிற சிப்பிகாட் கிராமத்து பிக்கப் வண்டி. இரண்டு தச்சர்கள் வந்தார்களாம்.

*

சிப்பிகாட் போகிற வழியில் ஈஸ்வரன் போனில் விசாரித்து வைத்திருந்த கணக்கைச் சொன்னான். ஜெகநாதன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நண்பர்கள் வைத்த பிரிவு விருந்தில் இருந்தான். பிரியாணி சாப்பிட்டதற்கு நாற்பது சாட்சி. அவன் எடுத்திருக்க முடியாது.

"அவன் எடுத்திருந்தா டேங்கைக் கவுத்திருப்பான்" என்றாள் ராஜகுமாரி. "அந்தத் தண்ணியைக் கொட்ட மனசு வராதவங்க, முப்பது வருஷம் காலையில எழுந்து அதைப் புடிச்சவங்க. வீட்டுல எடுத்ததை எண்ணிப் பாரு. ரெண்டு கதவு, ரெண்டு ஜன்னல். ஒரு ஃபேன், ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு டேங்க். விக்கிறவன் அஞ்சு ஃபேனையும் எடுப்பான். இது திருட்டு இல்ல ஈஸ்வரா. இது ஒரு வீடு. ஒரே ஒரு ஆளுக்கு."

ஈஸ்வரன் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

ராஜகுமாரி பத்திர நகலைப் பிரித்தாள். இங்கிலீஷில் இருந்த மூன்றாம் பக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மேற்படி வீடும் அதில் பொருத்தியுள்ள கதவு, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, மின்சாமான்கள் யாவும் என் சுயசம்பாத்தியம். என் மனைவிக்கோ வேறு எவருக்கோ இதில் யாதொரு பாத்தியதையும் இல்லை. கீழே ஜெகநாதன் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சிகள் இருவர். இரண்டாவது சாட்சியின் பெயரைப் படித்ததும் அதன் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

*

சிப்பிகாட்டில் சுனாமியின்போது உப்புத் தண்ணீர் ஏறிய வயல்களின் ஓரத்தில், சற்று மேடான ஒரு துண்டு நிலம். அதில் புதிதாக ஓர் அறை. ஹாலோ பிளாக் சுவர், தகரக் கூரை. படாக் கதவைத் தச்சர்கள் நிலையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கறுப்பு டேங்க். அதன் மேல் கை வைத்துக்கொண்டு நீலாவதி நின்றாள். ஐம்பத்தெட்டு வயது. மின்சார அலுவலகத்தில் முப்பது வருடம் க்ளார்க். அவளுடைய மூதாதை கைதியாகக் கப்பலில் வந்தவர், அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் கப்பல் ஏறவில்லை.

"மதியத்துக்கு மேலதான் யாராவது தேடி வருவாங்கன்னு நெனச்சேன்" என்றாள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தண்ணியை வெச்சு."

நீலாவதி லேசாகச் சிரித்தாள். "கொட்ட முடியலை. கை வரலை."

உட்கார ஒரு சிமெண்ட் மூட்டையைக் காட்டிவிட்டு, கேட்காமலேயே சொன்னாள். வீட்டு மனை கணவன் பெயரில். ஆனால் சுவர் எழும்பிய பிறகு உள்ளே போன கதவும் ஜன்னலும் டேங்கும் விசிறியும் அவள் சம்பளம். ஓய்வு பெற்றதும் தஞ்சாவூரில் தம்பி வீட்டு மாடிக்குப் போகலாம் என்று அவன் முடிவு செய்தான். அவளிடம் சொன்னது, விலை பேசி முடித்த பிறகு. இந்த நிலம் அவள் அப்பா கொடுத்தது. உப்பு ஏறிய பூமி என்று அவன் இருபது வருடமாகக் கேலி செய்ததால், இங்கே அவள் சுவர் எழுப்பியதுகூட அவனுக்குத் தெரியாது.

"வித்ததுகூடப் பரவால்ல. வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல பேப்பரை முன்னால வெச்சு, இங்க போடுன்னார். படிச்சேன். எனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு எழுதியிருக்கு. அதுக்கு நானே சாட்சி. சீக்கிரம் போடு, ஜல்தி, லஞ்ச் டைம் ஆயிடும்னு சொன்னார்."

"போட்டீங்க."

"போட்டேன். அந்தக் கையெழுத்து காயறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். வீட்டோட இன்னொரு சாவி என்கிட்ட இருந்துச்சு. எல்லாம் தன்னோடதுன்னு எழுதினாரில்ல, காணாமப் போனாலும் அவர்தான் பதில் சொல்லணும். பன்னீர்செல்வம் சும்மா விடமாட்டார்னு தெரியும். அவர் சனிக்கிழமை குழாய்க் குழாயா திறந்து பாத்தவர்."

தப்பிக்க ஜெகநாதனுக்கு ஒரே வழிதான் இருந்தது. அது அவனுடைய பத்திரத்தையே பொய்யாக்குகிற வழி. ராஜகுமாரிக்கு அது புரிந்தது, நீலாவதிக்கும் அது புரிந்திருந்தது. முப்பது வருடம் கோப்பு பார்த்தவளுக்கு ஒரு வரியின் கனம் தெரியாமல் இருக்குமா?

"சாட்சிக் கையெழுத்து, அவர் கையெழுத்து போட்டதைப் பாத்தேன்னு மட்டும்தான் சொல்லும். உள்ள எழுதினது நிஜம்னு ஆகாது" என்றாள் ராஜகுமாரி. "என் கட்சிக்காரர் பன்னீர்செல்வம். சாமான் எங்கேன்னு அவர்கிட்ட சொல்லியே ஆகணும். வண்டில ஏறுங்க."

நீலாவதி கதவைப் பார்த்தாள். தச்சர்களிடம், உள்பக்கத் தாழ்ப்பாளை முதலில் போடும்படி சொல்லிவிட்டு ஏறினாள்.

*

மணி நாலரை. ஹேடோ வார்ஃப் வாசலில் மூட்டையும் முடிச்சுமாகக் கூட்டம். ஜெகநாதன் புதுச் சட்டையில் நின்றான். பெட்டிகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. கையில் இரண்டு டிக்கெட். மனைவி சிப்பிகாட்டில் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். அவன் நாலாவது முறையாக போன் செய்துகொண்டிருந்தபோது பன்னீர்செல்வம் ஒரு போலீஸ்காரரோடு வந்து அவன் தோளைத் தொட்டான்.

அடுத்த ஐந்து நிமிடம் பன்னீர்செல்வத்தின் நேரம். காலையில் சிரித்த உறவினர்களில் நாலு பேரைக் கையோடு அழைத்து வந்திருந்தான். கதவுத் திருடன் என்று மூன்று பாஷையில் சொன்னான். தமிழில் திரும்பாதவர்கள் ஹிந்தியில் திரும்பினார்கள். ஜெகநாதன் வேர்த்து, பிரியாணி, நாற்பது பேர் என்றெல்லாம் உளறினான். அப்போது ராஜகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெகநாதன் முன்னால் வந்தாள்.

"சாமான் கிடைச்சிடுச்சு. சிப்பிகாட்ல இருக்கு. எடுத்தது உங்க மனைவி."

ஜெகநாதனின் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. பின்னாலேயே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்த ராஜகுமாரிக்கு அவன் மேல் மிச்சமிருந்த இரக்கமும் போயிற்று.

"பாத்தீங்களா? எனக்குச் சம்பந்தமே இல்ல. கதவு, டேங்க், ஃபேன், அதெல்லாம் என்னோடதே கிடையாது சார். அவ சம்பளத்துல அவ வாங்கினது. அவ எடுத்திருந்தா, அது அவளுக்கும் உங்களுக்கும் உள்ள பிரச்சினை. அவளைப் புடிங்க. என்னை விடுங்க, கப்பலுக்கு டைம் ஆச்சு."

"அதை எழுதிக் குடுங்க" என்றாள் ராஜகுமாரி. "நீங்க திருடலைன்னு ஆயிடும்."

ஈஸ்வரன் பேனாவோடு தயாராக நின்றான். எழுதுவதற்கு ஆட்டோவின் பின் சீட்டைத் துடைத்துக் கொடுத்தான். "நிதானமா எழுதுங்க சார். ஸ்பெல்லிங் தப்பிருந்தாலும் பரவால்ல, விஷயம் சரியா இருந்தா போதும்."

கப்பல் முதல் ஊதல் ஊதியது. ஜெகநாதன் வேக வேகமாக எழுதினான். கதவுகள், ஜன்னல்கள், டேங்க், மின்சாமான்கள் யாவும் என் மனைவி நீலாவதி தன் சம்பளத்தில் வாங்கியவை. எனக்கு அதில் சம்பந்தமில்லை. கையெழுத்தும் போட்டான்.

"சாட்சி வேணுமே" என்றாள் ராஜகுமாரி.

"நான் போடறேன்."

டீக்கடை மறைவிலிருந்து நீலாவதி வந்தாள். கணவனைப் பார்க்காமல் காகிதத்தை வாங்கி, நிறுத்தி நிதானமாக ஒவ்வொரு வரியையும் படித்து, வெள்ளிக்கிழமை போட்ட அதே கையெழுத்தை அதே இடத்தில் போட்டாள்.

ராஜகுமாரி அந்தக் காகிதத்தையும் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பன்னீர்செல்வத்திடம் நீட்டினாள். வியாபாரி அவன். இரண்டு தாளையும் இரண்டு முறை படித்தான். கையிலிருந்த திருட்டுப் புகாரை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தான். அவன் குரல் தாழ்ந்துவிட்டது. தாழ்ந்ததனால்தான் அது பயமாக இருந்தது.

"மனைவிக்கு ஒண்ணுமே கிடையாதுன்னு எனக்கு எழுதிக் குடுத்தே. இப்ப அவங்களோடதுன்னு எழுதியிருக்கே. அப்ப எனக்கு வித்தது யாரோட வீட்டை?"

ஜெகநாதன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டும் அவன் கையெழுத்து. இரண்டுக்கும் ஒரே சாட்சி.

பன்னீர்செல்வம் போலீஸ்காரரிடம் திரும்பி, புகார் மாறிவிட்டது, திருட்டு இல்லை, பொய்ப் பத்திரம் என்றான். ஸ்டேஷனில் பேசிக்கொள்ளலாம் என்று அவர் ஜெகநாதனின் முழங்கையைப் பிடித்தார். நாளைக்குப் பேசலாமே, கப்பல் இருக்கிறதே என்று அவன் கெஞ்சினான். ஜனமெல்லாம் பார்த்தது. ஆனால் பன்னீர்செல்வம் சிரிக்கவில்லை. சிரிக்க மறந்து போயிருந்தான்.

நீலாவதி பன்னீர்செல்வத்திடம் மட்டும் பேசினாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. குழந்தை இருக்கிற வீடுன்னு வயரையெல்லாம் சுத்தி வெச்சிருக்கேன். கதவைத் திருப்பிக் கேக்காதீங்க. என் பங்கு என்னன்னு என்கிட்ட வந்து பேசுங்க. பேசி முடிச்சா நான் ஒழுங்கா கையெழுத்து போட்டுத் தரேன். இந்தத் தடவை சாட்சியா இல்ல."

பன்னீர்செல்வம் தலையாட்டினான். அடுத்த வாரம் மனைவியோடு சிப்பிகாட் வருவதாகச் சொன்னான்.

ஏணியைத் தூக்கினார்கள். கப்பல் கடைசியாக ஊதிவிட்டு நகர்ந்தது. ஜெகநாதனின் வேட்டி சட்டையும் பிரஷர் மாத்திரையும் தம்பிக்கு வாங்கிய பரிசும் அவனில்லாமல் சென்னைக்குப் போயின.

அவன் கையில் இரண்டு டிக்கெட்டும் அப்படியே இருந்தன. மனைவியைப் பார்த்துக் கேட்டான், முப்பது வருடத்தில் முதல் முறையாகத் தணிந்த குரலில்.

"ஸ்டேஷன்லேர்ந்து வந்து நான் எங்க போவேன் நீலா?"

நீலாவதி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து காத்திருந்தவள் போல, அவசரமில்லாமல் பதில் சொன்னாள்.

"நீங்க வித்த வீட்டுக்கே போங்க. அங்க கதவு இல்ல. தட்ட வேண்டிய வேலையே இல்ல."

ஈஸ்வரன் வண்டியைக் கிளப்பினான். நாளைக் காலை தண்ணீர் வருகிற நாள்.